கண்ணு பட்டு வளர்ந்தவ

தங்கபுஷ்பத்தோட உசரத்துல முதல் ரெண்டு விரக்கடை என்னோடது, அதை யார் இல்லைன்னு சொன்னாலும் நான் விட்டுக்குடுக்கிறதா இல்ல. பின்னால ஊரே சேந்து அவளைச் சாண் சாணா ஏத்திவிட்டுச்சு, அது வாஸ்தவம், மில்லுக்காரர் சம்சாரம் ஏத்துனாக, அவ பெரியப்பா மக ஏத்துனா, வேற காலேஜுப் பிள்ளைக பஸ் புடிச்சு வந்து ஏத்திட்டுப் போச்சுக, ஆனா ஆரம்பிச்சு வச்சது இந்தச் சண்முகக்கனிதான். பலசரக்குக் கடையில உக்காந்து துவரம்பருப்பு நிறுக்கிறவளுக்கு என்ன தெரியும்னு நெனைக்கிறவுக நெனைச்சுட்டுப் போகட்டும், நடந்தது நடந்ததுதான்.

எங்க குருவிநத்தத்துல மழை பேருக்குத்தான் பெய்யும், அதனால வெள்ளாமையை நம்பாம ஊர்ல பாதி தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும், மிச்சப் பாதியும் தீப்பெட்டி ஆபீசுக்குத்தான் போகும், சாயங்காலம் சங்கு ஊதினதும் ரெண்டு பாதியும் சேந்து கையில மருந்து வாடையோட பொட்டலுக்கு வந்து பாஸ்கெட்பால் பாக்க உக்காந்துக்கிரும். எந்தக் காலத்துலயோ ஒரு பாதிரியார் நட்டு வச்சுட்டுப் போன ரெண்டு கம்பம், அதைச் சுத்தித்தான் எங்க ஊரே வளந்துச்சு. மே மாசம் டோர்னமெண்ட் வந்துட்டா பனங்கட்டையில கேலரி கட்டி, டியூப்லைட் போட்டு, மைக் செட் வச்சு, கைப்பிள்ளைக்குப் பால் குடுத்துக்கிட்டு உக்காந்திருக்கிற பொம்பளை கூட, "அவ பந்தைப் புடிச்சுட்டு மறுபடியும் தட்டுறா, டபுள் டிரிபிளு, விசிலை வாயில வச்சுக்கிட்டு என்னய்யா செய்ற"ன்னு அம்பயரை வைவா.

அந்தப் பொட்டல் மண்ணுலதான் நான் தவழ்ந்தேன். ஆள் குட்டை, ஆனா பந்து என் கைக்கு வந்துட்டா அடுத்து யாரு எங்க நிப்பா, எவ எந்தப் பக்கம் திரும்புவா, எந்தச் சந்துல பந்தை விட்டா எவ கையில போய் உக்காரும்னு எனக்கு முன்கூட்டியே தெரியும். கார்டுன்னு சொல்வாக அந்த எடத்தை. பந்தைக் கொண்டு வந்து சேக்கிறது கார்டு, கூடையில போடுறது வேற எவளாவது, கைதட்டு போட்டவளுக்கு. பள்ளிக்கூடம் முழுக்க இப்படித்தான் போச்சு, காலேஜுலயாவது கேப்டனாகி நாலு பேரு என்னைத் திரும்பிப் பாக்கணும்னு இருந்தேன்.

காலேஜுல சேந்த மொத வாரம், செலக்‌ஷன். எங்க பி.டி. எஸ்தர் மேடம் சிரிச்சு யாரும் பாத்ததில்ல, பள்ளிக்கூடத்துல இருந்தே என் ஆட்டத்தைப் பாக்கிற மனுசி, ஒரு நாளும் நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னதில்ல. நான் உயிரைக் குடுத்து ஆடிக்கிட்டு இருக்கேன், பந்து உருண்டு வேப்ப மரத்தடிக்குப் போயிருச்சு, அங்க பாவாடை தாவணியில ஃபீஸ் கட்டுற வரிசையில நின்ன ஒருத்தி அதை எடுத்து, இந்தா புடிங்கன்னு வீசுனா, அது நேரா வந்து ரிங்குல படாம கூடையில விழுந்துச்சு. எஸ்தர் மேடம் சிரிச்சாக. "யாரும்மா நீ, இங்க வா"ன்னாக. எனக்கு வயித்துக்குள்ள பத்திக்கிச்சு. அவளை உச்சியிலருந்து உள்ளங்கால் வரைக்கும் ஒரு பார்வை பாத்தேன், பாக்கப் பாக்க மண்ணைக் கூட்டிக்கிட்டு இருந்த அவ பாவாடை மெள்ள மேல ஏறி கணுக்கால் தெரிஞ்சுச்சு. அவ குனிஞ்சு பாவாடையை இழுத்து விட்டா, அது எறங்கல. என் உசரத்துக்குச் சமமா நடந்து வந்தவ, மேடம் கிட்டப் போய் நிக்கையில என்னை விட ரெண்டு விரக்கடை கூட இருந்தா.

அவதான் தங்கபுஷ்பம், எங்க ஊர்தான், அதுவரைக்கும் நான் சரியாப் பாத்ததில்ல. அப்பா இல்ல, அம்மா அமராவதி தீப்பெட்டி ஆபீசுல தீக்குச்சியைக் கட்டையில அடுக்குறவ, வீட்டுல பண்டம் பாத்திரத்தை விட ஓட்டை ஒடசல்தான் கூட. பாவம்னு எல்லாரும் அவளைப் பாத்துக்கிட்டிருந்த வரைக்கும் அவ வயசுக்கேத்த உசரத்துலயேதான் இருந்திருக்கா. எங்க காலேஜு டீமுதான் ஊரு டீமும். அதுல சேந்ததும் மேடம் கேன்வாஸ் ஷூ வாங்கிக் குடுத்தாக, அதைப் பாத்து கிளாஸ் பிள்ளைகளுக்கு எரிஞ்சுச்சு, வளந்தா. பேப்பர்ல பேர் வந்துச்சு, சீனியர் பிள்ளைக மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டாளுக, வளந்தா. அந்த வருசம் முடியையில ரிங்குல இருந்து வலை தொங்குமே, அதை எக்காமலே தொட்டா. வைத்தியர்கிட்டயும் யாரும் காட்டல, ஆச்சரியமும் படல. வயசுப் பிள்ளை வளருது, அதுக்கென்னன்னு இருந்தாக, துணி தைக்கிற ஆறுமுகத்தம்மா மட்டும் இனிமே இவளுக்கு ஒரு முழம் மடிச்சுத் தச்சு வச்சாத்தான் கட்டும்னு சொன்னாக.

அமராவதிக்குத்தான் பயம். பெத்தவளாச்சே. பக்கத்து ஊர் டோர்னமெண்ட் செமி ஃபைனல்ல புஷ்பம் ஆடின ஆட்டத்தைப் பாத்து ஊரு கண்ணெல்லாம் என் பிள்ளை மேலன்னு மனசு கேக்காம, மூணு ரோடு கூடுற எடத்து மண்ணும் கல்லுப்பும் வத்தலும் எடுத்து மகளை உக்கார வச்சு சுத்தி அடுப்புல போட்டுட்டா. அம்புட்டு வத்தல் எரிஞ்சும் தெருவுல ஒருத்தருக்கும் ஒரு தும்மல் வரல, அவ்வளவு திருஷ்டி. மறுநாள் ஃபைனலுக்கு பஸ் ஏற வந்தா புஷ்பம், ஷூ காலைவிட்டுக் கழண்டு கழண்டு வருது, பனியன் முழங்காலைத் தொடுது, ஊர் ஏத்தின உசரம் பூராம் அடுப்புல போயிருச்சு. தோத்தோம். அன்னைக்குத்தான் ஊருக்குப் புரிஞ்சுச்சு, இந்தப் பிள்ளை சோத்துல வளரல, கண்ணுல வளருதுன்னு. ஆனா ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோங்க, அம்புட்டுக் கண்ணும் கழிஞ்சு அவ எறங்கி நின்னப்பயும் என்னை விட ரெண்டு விரக்கடை கூடத்தான் நின்னா. நான் பட்ட பொறாமை எந்த வத்தலுக்கும் கட்டுப்படல.

அடுத்த வாரம் ஊர் கூடி முடிவெடுத்தாக. புஷ்பத்துக்கு யாரும் திருஷ்டி சுத்தக் கூடாது, கன்னத்துல மை வைக்கக் கூடாது, அவ வீட்டு நிலையில படிகாரம் கட்டக் கூடாது. அமராவதி அழுதா, டோர்னமெண்ட் செகரட்டரி செல்வமணி அண்ணாச்சி, "ஊருக்காகப் பொறுத்துக்கம்மா"ன்னு சமாதானம் சொன்னாக. அதோட விட்டாகளா, நகைக்கடைக்காரர் மேட்ச் அன்னைக்கு மட்டும் போட்டுக்கன்னு ஒரு ரெட்டை வடம் இரவல் குடுத்தாரு, மைக்குல, "நமது வீராங்கனை தங்கபுஷ்பம் இன்று மத்தியானம் ஆட்டுக்கறி சாப்பிட்டார்"னு அறிவிச்சாக. கேலரியில முன் வரிசை யாருக்குன்னு நெனைக்கிறீக, மில்லுக்காரருக்கா, போலீஸ்காரருக்கா? கண்ணு பலமுள்ளவுகளுக்கு. ஓரகத்திக, பங்காளிக, பக்கத்து வீட்டோட சுவத்துக்குச் சண்டை போட்டு நிக்கிறவுக, மக கல்யாணம் தட்டிப் போனவுக, எல்லாத்தையும் தேடித் தேடிக் கூப்பிட்டு முறுக்கும் கலர் சோடாவும் குடுத்து உக்கார வச்சாக. ஓசிச் சீட்டுக்காக எனக்கும் பொறாமைன்னு நடிச்சவுகளும் உண்டு, அதுக்கெல்லாம் ஒரு நூல் கூட ஏறாது, உள்ளுக்குள்ள நெசமா எரியணும். இதைப் பாத்துட்டு புது வீடு கட்டினவுக நாலு பேரு திருஷ்டிப் பூசணிக்கா கட்டாம விட்டாக, வீடு தன்னால ஒரு மாடி ஏறும்னு. ஒண்ணும் ஏறல, சுவர்தான் வெடிச்சுச்சு.

எனக்கு அந்த முன் வரிசையைப் பாத்தே ஆத்தாமை. இவுகள்லாம் பொறாமைக்காரவுகளாம், இவுகளுக்கு முறுக்காம். வருசம் முழுக்க அவ கூடவே ஓடி, அவ கூடவே வேர்த்து, அவ கைக்குப் பந்தைக் கொண்டு போய்க் குடுத்துக்கிட்டு, ஒவ்வொரு கைதட்டுக்கும் உள்ளுக்குள்ள வெந்துக்கிட்டு இருந்தவ நான். அதை யாரும் கணக்குல வைக்கல.

மூணாம் வருசம் மே மாசம் சேதி வந்துச்சு, மெட்ராஸ்ல ஒரு பேங்க் லேடீஸ் டீம் வச்சிருக்கு, அதுக்கு ஒரு பிள்ளையை எடுக்க எங்க டோர்னமெண்ட்டுக்கு ஆபீசர் வர்றாருன்னு. ஒரே ஒரு எடம். பேங்க் வேலை, மெட்ராஸ் வாசம், சாகுற வரைக்கும் சம்பளம், எல்லாத்துக்கும் மேல தினமும் ஆடலாம். எங்க அப்பா தெளிவாச் சொல்லிட்டாரு. "வேலை கெடச்சாப் போ, நான் தடுக்கல. கெடைக்கலைன்னா ஆவணியில தர்மராஜுக்குக் கழுத்தை நீட்டிரு." தர்மராஜ் என் மாமன் மகன், பலசரக்குக் கடை வச்சிருந்தாரு, நல்ல மனுசன்தான், ஆனா அந்தக் கடைக்குள்ள போனா நான் திரும்பி கோர்ட்டுக்கு வரப் போறதில்லைன்னு எனக்குத் தெரியும்.

அதனால ஒரு முடிவு பண்ணேன். இனி அவளைப் பாத்துப் பொறாமைப்படக் கூடாது. நான் பொறாமைப்பட்டா அவ வளருவா, அவ வளந்தா ஆபீசர் கண்ணுக்கு அவதான் தெரிவா. சர்ச்சுக்கும் போனேன், மாரியம்மன் கோயிலுக்கும் போனேன், வயித்தெரிச்சலுக்கு நல்லதுன்னு காலையில நீச்சத்தண்ணி குடிச்சேன். அவகிட்ட இருக்கிற குறையா எண்ணிப் பாத்தேன். எடது கையில அவளுக்குப் பந்தைத் தட்டிக்கிட்டு ஓட வராது. பாதம் தட்டை. தூங்கும்போது வாயைத் தொறந்துக்கிட்டுத் தூங்குவா. அப்பா இல்லாத பிள்ளை. இப்படியே நெனைச்சு நெனைச்சு ஒரு வாரம் நல்லா ஓட்டினேன், எரிச்சல் அடங்கி மனசு லேசாக்கூட இருந்துச்சு, புஷ்பத்துக்கு ரிங்கு எட்டாமப் போச்சு.

அன்னைக்குச் சாயங்காலமே செல்வமணி அண்ணாச்சி நாலு பேரோட எங்க வீட்டுக்கு வந்துட்டாக.

"உங்க மக பொறாமைப்படுறதை நிப்பாட்டிட்டாளாமே"ன்னாக அப்பாகிட்ட.

"பிள்ளை சொல்லுச்சா?"

"சொல்லவா செய்யணும். மத்தவுக கண்ணு அம்புட்டும் அப்படியேதான் இருக்கு, புஷ்பம் மட்டும் ஒன்றரைச் சாண் எறங்கிட்டா. வேற யாரு எறக்கியிருப்பா?"

அதைக் கேக்க எனக்கு ஒரு பக்கம் பெருமையா இருந்துச்சு, மறைச்சு என்ன செய்ய. அப்பா என் பக்கம் திரும்பி, "ஏம்மா, ஊர்க் காரியம். கொஞ்சம் பொறாமைப்பட்டா நீ என்ன கொறஞ்சா போயிருவ?"ன்னாரு.

"அந்த வேலை எனக்கு வேணும்ப்பா."

"வேலை ஒருத்திக்குத்தான். கப்பு ஊருக்கே."

எஸ்தர் மேடமும் வந்திருந்தாக, கதவுகிட்ட நின்னாக. அவுகளாவது எனக்குப் பேசுவாகன்னு பாத்தேன். "பொறாமை பாவம்னுதான் கனி நான் சொல்லணும்," அப்படின்னாக, "ஆனா ஃபைனல் முடியட்டும், அதுக்கப்புறம் சொல்றேன்."

நான் வைராக்கியமாத்தான் இருந்தேன். மறுநாள் புஷ்பமே வீட்டுக்கு வந்துட்டா. "ஏன் கனி என்னைப் பாக்கவே மாட்டேங்கிற, நான் என்ன செஞ்சேன்"னு கண்ணு கலங்க நிக்கிறா. எங்க அம்மாவுக்கு எரக்கம் வந்துருச்சு, "வா என் ராசாத்தி"ன்னு உக்கார வச்சு அடை வார்த்து, மேல ஒரு கரண்டி நெய்யை ஊத்தி, தலையைத் தடவி விட்டுக்கிட்டே ஊட்டாத குறையாத் திங்க வச்சாக. அந்த நெய் எங்க அண்ணனுக்குன்னு எடுத்து வச்ச நெய், எனக்கு ஒரு நாளும் ஊத்துனது கெடையாது, ராசாத்தின்னு ஒரு நாளும் என்னைக் கூப்பிட்டதும் கெடையாது. ஒரு வாரமா நீச்சத்தண்ணி ஊத்தி ஊத்தி அணைச்சதெல்லாம் ஒரே மூச்சுல பத்திக்கிச்சு. சாப்பிட்டுட்டு எந்திரிச்சவ தலை உத்தரத்துல மோதுச்சு, தெருவுல நின்ன கூட்டம் கைதட்டுச்சு.

ஃபைனல், கேரளாவுல இருந்து வந்த டீமோட. கேலரி பிதுங்கப் பிதுங்க ஆளு, மேடையில பேங்க் ஆபீசர் கண்ணாடி போட்டுக்கிட்டு உக்காந்திருக்காரு. கடைசி நிமிசம், ஒரு பாயிண்ட் பின்னாடி இருக்கோம், பந்து என் கையில. எதிராளுக ரெண்டு பேரு புஷ்பத்தை அணைச்சுக்கிட்டு நிக்காளுக, எனக்கு முன்னால பாதை காலியா இருக்கு, நாலு எட்டு வச்சு ஏறிப் போட்டா போட்டதுதான். வேலை என் கையில இருக்குன்னு அந்த நேரத்துல தெளிவாத் தெரிஞ்சுச்சு. ஏறினேன். பாதியில பக்கவாட்டுல இருந்து ஒருத்தி வந்து மறிக்கிறது கண்ணோரம் தெரிஞ்சுச்சு, நான் போட்டா பத்துக்கு நாலு விழும், அவ புஷ்பத்தை விட்டுட்டு வந்ததால புஷ்பத்துக்கு ஒரு பக்கம் தொறந்திருக்கு, அங்க குடுத்தா பத்துக்குப் பத்தும் விழும். மனசு போடுன்னுச்சு. கை கேக்கல. பொட்டல்ல சின்னப்பிள்ளையில இருந்து பழகின கை, ஆள் நிக்கிற எடத்துக்குப் பந்தைக் குடுக்காம அதுக்கு இருக்கத் தெரியாது. பாக்காமலே பின்பக்கமா விட்டேன், ரெண்டு பேரு கக்கத்துக்கு நடுவுல போய் அவ கையில உக்காந்துச்சு, அவ கையைத் திருப்புனா, விழுந்துச்சு, விசிலு.

ஊரு அவளைத் தூக்க முடியாமத் தூக்குச்சு. ஆபீசர் எறங்கி வந்து அவளுக்குச் சால்வை போத்தினாரு, போத்திக்கிட்டே, "பாஸ் குடுத்தது யாரு?"ன்னு கேட்டாரு. கேட்டது என் காதுல விழுந்துச்சு, நான் பக்கத்துலதான் நின்னேன். கூட்டத்துல எவனோ, "அது ஒரு குட்டைப் பிள்ளை சார், உள்ளூருதான்"னான். அவ்வளவுதான், அதுக்கு மேல அவரும் கேக்கல. அன்னைக்கு எனக்குள்ள எரிஞ்ச எரிச்சல்ல எங்க ஊர் தீப்பெட்டி அம்புட்டையும் பத்த வச்சிருக்கலாம். சால்வையைப் போத்தி முடிக்கிறதுக்குள்ள அது அவ தோள்பட்டைக்குத் துண்டு அளவுக்கு ஆகிப்போச்சு, ஆபீசர் கழுத்து நோக மேல பாத்து, "உன்னைத்தாம்மா தேடிக்கிட்டு இருந்தேன்"ன்னாரு.

அவ மெட்ராசுக்குக் கெளம்புன அன்னைக்கு வழியனுப்ப வந்த கூட்டத்தோட கண்ணு பட்டு பஸ் வாசல்ல நுழைய முடியாமப் போச்சு. கண்டக்டர் ஒண்ணும் அலட்டிக்கல, ஏணியைக் காட்டி மேல ஏறச் சொல்லி, வாழைத்தார்களுக்கு நடுவுல எடம் ஒதுக்கி, முழு டிக்கெட்டும் வாங்கிக்கிட்டாரு. பஸ் வளைவுல திரும்புற வரைக்கும் அவ எனக்குக் கை காட்டினா. நான் காட்டல. ஆவணியில எனக்குக் கல்யாணம்.

மெட்ராசுக்காரவுக நல்லவுக, எதையும் சீக்கிரம் பழகிக்கிட்டாக. வீட்டுக்காரம்மா நிலையை இடிச்சு உசத்திக் குடுத்து வாடகையையும் உசத்திக்கிட்டாக, தெருவுல எந்த வீட்டுல பல்பு போனாலும் இவளைத்தான் கூப்பிட்டாக, பேங்க்ல இவளுக்குன்னு மேசை காலுக்கு அடியில செங்கல் வச்சுக் குடுத்தாக. ஆனா அங்க யாருக்கும் நின்னு பொறாமைப்பட நேரமில்ல. அவ உசரம் பூராம் என்னை நம்பித்தான் நின்னுச்சு. பேப்பர்ல டீம் போட்டோ வரும், எல்லாருக்கும் தலை இருக்கும், இவளுக்குக் கழுத்து வரைக்கும்தான் இருக்கும், பருப்பு மடிக்க எடுத்த பேப்பரை அப்படியே கையில வச்சுக்கிட்டு நான் உக்காந்திருப்பேன். மறுநாள் எங்க கடைக்கு எதுத்தாப்புல இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் வரும்.

"கனி, நேத்து என்னத்தடி நெனைச்ச? ஃபேன்ல தலை இடிச்சிருச்சு."

"டெல்லிக்குப் பிளேன்ல போனியாமே."

"அதுக்கா? குனிஞ்சுக்கிட்டே போயிட்டு குனிஞ்சுக்கிட்டே வந்தேன். அதைப் போய் நெனைக்காத."

நெனைக்காம எப்படி இருக்க? நான் இங்க காலையில ஆறு மணிக்குக் கடை தொறந்தா ராத்திரி அடைக்கிற வரைக்கும் உப்பு, புளி, மொளகா. அவ அங்க வெள்ளை ஷூ போட்டுக்கிட்டு ஓடிக்கிட்டு இருந்தா. என் கையில இருந்த ஆட்டம் காஞ்சே போச்சு, பொட்டலங் கட்டுறதுல மட்டும் கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு, கேட்டவுக யாருன்னு பாக்காமலே சரியான கையில குடுத்துருவேன்.

அப்புறம் காலம் ஓடிருச்சு. அவளுக்கு ஆட வயசாச்சு, பேங்க்ல கவுண்டர்ல உக்கார வச்சாக, பாஸ்புக் போட்டுக் குடுத்தா, பென்சன்காரவுகளுக்குப் படிவம் நிரப்பிக் குடுத்தா. எங்க ஊர்ப் பிள்ளைக கம்ப்யூட்டர் படிச்சு அமெரிக்கா போக ஆரம்பிச்சுருச்சுக, பேங்க் வேலையைப் பாத்து யாரு கண்ணு போடப் போறா. தீப்பெட்டி ஆபீசும் பாதி மூடிக் கெடக்கு, ஊரு அவளை மறந்துருச்சு. நான் மறக்கல. என் புருசன் போய்ச் சேந்ததுக்கு அப்புறமும், மகளைக் கட்டிக்குடுத்து அனுப்புனதுக்கு அப்புறமும், தனியா உக்காந்திருக்கையில எனக்குத் தொணையா இருந்தது அந்த எரிச்சல் ஒண்ணுதான்.

போன பங்குனியில, நல்ல உச்சி வெயில்ல, கடைத் தகரத்தை ஒரு கையால தூக்கிப் புடிச்சுக்கிட்டு ஒருத்தி குனிஞ்சு பாத்தா. முடி நரைச்சுருக்கு. இன்னொரு கையில ஒரு கம்பு.

"கனி"ன்னா.

உள்ள வந்து அரிசி மூட்டை மேல உக்காந்தா, உக்காந்த பெறகும் என் தலைக்கு மேலதான் அவ மூஞ்சி. முழங்கால் ரெண்டும் வீங்கிக் கெடந்துச்சு.

"இந்த உசரத்தை இந்த முட்டி தாங்காதுன்னு டாக்டர் கையை விரிச்சுட்டாரு. அடுத்த வருசம் நடை நின்னுரும்ங்கிறாரு. அம்மா இருந்தா சுத்திப் போடுவா. வேற நாலு பேரை விட்டுச் சுத்திப் பாத்தேன், ஒரு விரக்கடை எறங்கல."

"எறங்காது. அது என்னோடது."

"தெரியும்டி. அதான் வந்தேன். நிப்பாட்டிரு கனி, என்கிட்ட இப்ப என்ன இருக்கு பொறாமைப்பட?"

"நான் என்ன வேணும்னா செய்றேன்? அன்னைக்கே முட்டி மோதிப் பாத்தேன், ஊரு விட்டுச்சா?" எனக்குக் கோவம் வந்துருச்சு. ஆனா அந்த முட்டியைப் பாக்கவும் முடியல. "சரி, சொல்லு. உனக்கு என்னென்ன இல்லைன்னு சொல்லு. கேக்குறேன்."

சொன்னா. சேலை எடுத்தா ரெண்டு சேலையை ஒட்டுப் போட்டுத்தான் கட்டணும்னா. பஸ்ல ஒரு நாள் உக்காந்து போனதில்லன்னா. சரி, கொஞ்சம் எறங்கினா. கூட வேலை பாத்தவர் ஒருத்தர் ஆசைப்பட்டுக் கட்டிக்கிட்டாரு, கொஞ்ச வருசத்துல அண்ணாந்து பாத்தே அலுத்துப்போய் விட்டுட்டுப் போயிட்டாருன்னா.

"ஆசைப்பட்டா கட்டினாரு?"ன்னேன்.

"ஏறுதுடி, ஏறுது, முட்டி விண்ணுன்னு தெறிக்குது."

"சரி சரி, அதை விடு. வேற சொல்லு."

பிள்ளை இல்லன்னா. எறங்கினா. பென்சன் வரும்னா, ஏறினா, அவளே வாயைப் பொத்திக்கிட்டா. இப்படியே ஏறுறதும் எறங்குறதுமா கெடந்து கடைசியில ரெண்டு பேருக்கும் வேர்த்துக் கொட்டிருச்சு. நான் கலர் ஒடச்சுக் குடுத்தேன். குடிச்சுட்டு பாட்டிலைக் கீழ வச்சா.

"ஒண்ணு சொல்லட்டா," அப்படின்னா. "அந்த ஃபைனல்ல கடைசியா விழுந்துச்சே, அதை நான் போடல. நான் கையை நீட்டிக்கிட்டு நின்னேன், பந்து வந்து சேந்த விதத்துக்கு அது தன்னால விழுந்துச்சு. அதுக்கப்புறம் எத்தனை ஊரு, எத்தனை பெரிய பெரிய பிளேயருக. ஒவ்வொரு மேட்ச்சுலயும் கையை நீட்டிக்கிட்டு நிப்பேன், அந்த மாதிரி ஒண்ணு வருமான்னு. வரவே இல்ல கனி. பேங்க்ல அன்னைக்கே சொன்னேன், அந்தப் பிள்ளையையும் கூட்டிட்டு வாங்க, அவ இல்லாம நான் அரை ஆளுன்னு. ஒருத்தரும் கேக்கல."

நான் தராசைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். நிமிர்ந்து பாத்தா அழுதுருவேன்னு இருந்துச்சு. இதைக் கேக்கத்தான் இத்தனை வருசம் உக்காந்திருந்தேனான்னு தோணுச்சு. உள்ளுக்குள்ள எரிஞ்சுக்கிட்டே கெடந்தது மெள்ள மெள்ள அடங்கி, அடுப்பு அணைஞ்ச வீடு மாதிரி ஆகிப்போச்சு. திரும்பிப் பாக்கையில அரிசி மூட்டை மேல என் உசரத்துக்கு ஒரு பொம்பளை உக்காந்திருக்கா, சேலை அவளைச் சுத்திக் குமிஞ்சு கெடக்கு. எந்திரிச்சு நின்னா, ஒரு எட்டு வச்சா, இன்னொரு எட்டு வச்சா.

"வலிக்கலடி."

"வலிக்காது. கொஞ்சம் படு."

உள்ளுக்குள்ள எண்ணெய் டின்னுகளுக்குப் பக்கத்துல என் பாயை விரிச்சுப் போட்டேன். தலை வச்சா, தூங்கிட்டா. தலையும் காலும் பாய்க்குள்ள அடங்கின தூக்கம், வாயைத் தொறந்துக்கிட்டு, நெத்தியில ஒரு சுருக்கம் இல்லாம. நான் மூலையில உக்காந்து விசிறிக்கிட்டே பாத்தேன். சந்தோசமாத்தான் பாத்தேன், சத்தியமா. எம்புட்டு நேரம் பாத்தேனோ தெரியல, எப்படித் தூங்குறா பாருன்னு நெனைச்சேன், கடை தொறந்த நாள்ல இருந்து ஒரு மத்தியானம் நான் கண்ணை மூடினது உண்டா, ராத்திரியாவது இப்படி ஒரு தூக்கம் எனக்கு வந்ததுண்டா, சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டு எறக்கி வச்சுட்டு இவளால எப்படி இப்படித் தூங்க முடியுது.

பாயை விட்டு அவ குதிகால் வெளிய வந்துச்சு.

விசிறியைப் போட்டுட்டு வெளிய ஓடினேன். செருப்பு கூடப் போடல. ரோட்டுல போய் கடைக்கு முதுகைக் காட்டிக்கிட்டு வெயில்ல நின்னு, பருப்பு வெலையை நெனைச்சேன், மகளை நெனைச்சேன், செத்துப்போன புருசனை நெனைச்சேன். தார் ரோடு காலைப் பொசுக்குச்சு, அது நல்லதுதான்னு நின்னேன். எண்ணெய் வாங்க வந்த பொண்ணு, "என்ன அத்தை, இப்படி வெயில்ல நிக்கீக?"ன்னா.

"உள்ள ஒருத்தி தூங்குறா."

"அதுக்கு நீங்க எதுக்கு வெளிய நிக்கீக?"

 உள்ள எண்ணெய் டின்னு ஒண்ணு சாஞ்சு விழுற சத்தம் கேட்டுச்சு. கொஞ்ச நேரத்துல அடுத்த டின்னு.

உள்ள போனேன். அவ முழிக்கல. காலு ரெண்டும் வெறுந்தரையில நீண்டு கெடந்துச்சு. சாக்குல ரெண்டை உதறி, மடிச்சு, அவ முட்டிக்கு அடியில மெதுவா வச்சேன்.